அண்ணன் வாதாடிக் கற்ற மொழி

அண்ணன் எங்களைப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். உங்களில் பலருக்கு அவரைத் துறைமுகத்துக்காரராகத் தெரியும். சிலருக்குக் கோயில் கூட்டங்களில் எழுந்து நின்று கேள்வி கேட்பவராகத் தெரியும். அவர் ஜப்பானிய மொழி பேசினார் என்பது கருமாதிக்கு வந்தவர்களில் பாதிப் பேருக்குப் புதுச் செய்தி. "உங்க அண்ணனா? ஜப்பான் பாஷையா?" என்று என்னிடம் கேட்டார்கள். அவர்களுக்கு அன்று சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன்.

அண்ணன் பிறந்தது பட்டர்வொர்த்தை ஒட்டிய பாகான் டாலாமில். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். நாங்கள் இரண்டே பிள்ளைகள். அண்ணன் எனக்கு ஆறு வயது மூத்தவர். அப்பாவுக்கு முதுகு போய் வீட்டோடு இருந்துவிட்ட ஆண்டில் அண்ணன் பள்ளியில் ஐந்தாம் படிவம் முடித்தார். மேலே படிக்க அவருக்குக் கொள்ளை ஆசை. ஆனால் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் துறைமுகத்தில் சேர்ந்தார். சரக்குக்குக் கயிறு கட்டும் வேலையில் தொடங்கி கிரேன் ஓட்டுநரானார். என்னை ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்கு அனுப்பியவர் அவர்தான். அண்ணியை மணந்ததும் பினாங்குத் தீவில் ஜெலுத்தோங்கில் குடியேறி, தினமும் பெர்ரி ஏறிப் பட்டர்வொர்த்துக்கு வேலைக்குப் போய் வந்தார். கையில் எப்போதும் ஏதாவது ஒரு புத்தகம் இருக்கும். படித்ததோடு விடமாட்டார். யாரையாவது பிடித்து அதைப் பற்றி வாதாட வேண்டும் அவருக்கு.

ஐம்பத்தாறாம் வயதில் இனிப்பு நீர் நோய் முற்றி இரண்டு சிறுநீரகங்களும் கைவிட்டன. வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம் டயாலிசிஸ். கிரேன் மேலேறிக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்த மனிதர் சாய்வு நாற்காலியில் கையை நீட்டிப் படுத்திருப்பதைப் பார்க்க எங்களுக்குத் தாங்கவில்லை. அவரோ பக்கத்து நாற்காலியில் இருப்பவர் யார் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

பக்கத்தில் இருந்தவர் ஹிராய் என்ற ஜப்பானியர். கப்பல் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்று, மனைவி இறந்த பிறகும் பினாங்கை விட்டுப் போக மனமில்லாமல் தஞ்சோங் பூங்கா என்ற கடற்கரைப் பகுதியில் தனியாக வாழ்ந்தவர். எழுபதைத் தொட்டவர். ஒரு பிற்பகல் மழை பிடித்துக்கொண்டது. அண்ணன் கைப்பேசியில், வீட்டில் இருந்த என்னிடம், "இங்க மழை சோன்னு ஊத்துது, நீ துணிய எடுத்துரு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஹிராய் அவர்கள் ஆங்கிலத்தில், "அது என்ன, 'சோ'?" என்று கேட்டார். மழையின் சத்தம் என்றார் அண்ணன். "எங்கள் மழை 'ஸா ஸா' என்றுதான் பெய்யும்" என்றார் அவர். யார் காது சரி என்று தொடங்கிய வாதம் அன்று இயந்திரம் நிற்கும் வரை நிற்கவில்லை.

அதன்பின் அவர்களுக்குள் ஒரு விதி உண்டானது. ஹிராய் அவர்கள் தம் நாட்டு வழக்கம், கவிதை, தத்துவம் என்று ஏதாவது ஒன்றைச் சொல்வார். அதை ஏற்றுக்கொள்வதானால் எந்த மொழியிலும் ஏற்கலாம். மறுப்பதானால் ஜப்பானிய மொழியில்தான் மறுக்க வேண்டும்! அண்ணனைப் போன்ற ஒருவருக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் ஏது? வீட்டில் சாப்பாட்டு மேசையில் எழுத்துப் பயிற்சித் தாள்கள் பரவின. "மெஷின்ல படுத்துக்கிட்டுப் பாஷை படிக்கிற ஆள இப்பத்தான் பார்க்கிறேன்" என்று அண்ணி சிரிப்பார்.

அழியப் போகிறது என்பதால்தான் ஒரு பொருள் அழகாக இருக்கிறது என்று ஒருநாள் ஹிராய் அவர்கள் சொன்னாராம். அண்ணனுக்குக் கோபமே வந்துவிட்டது. "கிரேன்ல கம்பிக்கயிறு நைஞ்சு போனா அது அழகு இல்ல, ஆபத்து. மாத்தணும்" என்பது அவர் பதில். அதை ஜப்பானிய மொழியில் சொல்ல மூன்று வாரம் உழைத்தார். ஹிராய் அவர்கள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அறுந்துவிடக்கூடிய கயிற்றின் கீழ் நிற்பவன்தான் வானத்தை நன்றாகப் பார்ப்பான்" என்றார்.

"வானத்தையா பார்ப்பான்? கயித்தைத்தான் பார்ப்பான்லா!" என்று வீட்டுக்கு வந்து எங்களிடம் குதித்தார் அண்ணன். அதைச் சொல்ல இன்னொரு வாரம் ஆனது.

ஜப்பானிய மொழி தமிழுக்கு அவ்வளவு தூரமில்லை என்பார். வினைச்சொல் கடைசியில் வரும்; வாக்கியம் முடியும் வரை காத்திருந்தால்தான் ஒருவர் 'செய்கிறேன்' என்கிறாரா 'செய்யமாட்டேன்' என்கிறாரா என்று தெரியும். வீட்டைவிட்டுக் கிளம்பும்போது அவர்களும் 'போறேன்' என்று நிறுத்தமாட்டார்கள், 'போய் வருகிறேன்' என்பார்கள். இதைக் கண்டுபிடித்த நாளில் அண்ணன் லிட்டில் இந்தியாவுக்குப் போய் ஒரு பெட்டி லட்டு வாங்கி டயாலிசிஸ் மையம் முழுக்கக் கொடுத்தார். தாம் மட்டும் சாப்பிடவில்லை.

இரண்டாண்டு ஆன பிறகு அவர் ஒரு கேள்வியைத் தயார் செய்தார். போரில் ஜப்பான்காரன் மலாயாவை ஆண்ட காலத்தில் எங்கள் பெரியப்பாவைச் சயாம் ரயில்பாதை போட அழைத்துப் போனார்கள், அவர் திரும்பவில்லை. அதைக் கேட்கப் போவதாக அண்ணன் சொன்னதும் நான் தடுத்தேன்.

"விடுங்கண்ணே. அவரு போருக்கு அப்புறம் பொறந்தவரு. அவரு என்ன செஞ்சாரு?"

"சண்டை போடவா போறேன்? தினம் வாழ்க்கை, சாவுன்னு பேசிக்கிட்டு இத மட்டும் மறைச்சு வச்சா அது என்ன பேச்சு?"

கேட்டுவிட்டார். அடுத்த முறை ஹிராய் அவர்களின் நாற்காலி காலியாக இருந்தது. ஒரு நல்ல நட்பைக் கெடுத்துக்கொண்டாரே என்று நான் வருந்தினேன். அண்ணன் வருந்தினாரா தெரியவில்லை. "வருவாரு" என்று மட்டும் சொன்னார். அதற்கடுத்த முறை வந்தவர், உட்காரும் முன்பே கேட்டார்: "உங்கள் பெரியப்பாவின் பெயர் என்ன? அவருக்கு என்ன சாப்பிடப் பிடிக்கும்? எதற்குச் சிரிப்பார்?"

பெயரைத் தவிர அண்ணனுக்கு எதுவும் தெரியவில்லை. சுங்கைப்பட்டாணியில் இருந்த அத்தையை நாங்கள் போய்ப் பார்த்தோம். பெரியப்பாவுக்கு நெத்திலிக் கருவாடு உயிர், நன்றாகச் சீட்டியடிப்பார், தாம் சொன்ன வேடிக்கைக்குத் தாமே முதலில் சிரிப்பார் என்று அத்தை சொல்லித்தான் எங்கள் குடும்பத்துக்கே தெரிந்தது. எல்லாவற்றையும் அண்ணன் ஜப்பானிய மொழியில் சொன்னார். "மன்னிப்புக் கேட்கும் தகுதி எனக்கு உண்டா என்று தெரியாது. தெரிந்துகொள்ளும் கடமை உண்டு" என்றாராம் ஹிராய் அவர்கள்.

மறு ஆண்டு ஹிராய் அவர்களைப் பக்கவாதம் தாக்கியது. ஆங்கிலம் முழுவதும் போய்விட்டது. தாய்மொழி மட்டும் குழறலாக எஞ்சியது. மகள் ஜப்பானிலிருந்து கிளம்பிக்கொண்டிருந்தார். டயாலிசிஸ் மையத்துத் தாதி அண்ணனை அழைத்தார். அன்று அண்ணனுக்கு டயாலிசிஸ் இல்லாத நாள். நான்தான் காரோட்டி அவரை மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன்.

வார்டில் இருந்த தாதி, "அவர் 'மோ ஈ, மோ ஈ' என்கிறார். கைப்பேசி மொழிபெயர்ப்பில் போட்டுப் பார்த்தோம். 'இப்போது நன்றாக இருக்கிறது' என்று வந்தது" என்றார்.

அண்ணன் கட்டிலருகே குனிந்து வெகுநேரம் கேட்டார். குழறிய வாக்கியம் முடியும் வரை, கடைசிச் சொல் வரும் வரை காத்திருந்தார். பிறகு என்னை வெளியே அழைத்து வந்தார். முகம் கறுத்திருந்தது.

"நல்லா இருக்கேன்னு சொல்லல. போதும்னு சொல்றாரு. இனிமே மெஷினுக்குக் கொண்டு போகாதீங்கன்னு சொல்றாரு."

அண்ணன் வார்டுக் கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"நல்லா இருக்காராம்னு நான் சொல்லிட்டா, மத்தியானம் மெஷின் போட்டுருவாங்க. யாருக்கும் தெரியாது" என்றார்.

"அப்படியே சொல்லிருங்கண்ணே" என்றேன். இதை இன்று ஒப்புக்கொள்கிறேன்.

அண்ணன் என்னைப் பார்த்தார். "அவரு சொல்றத மாத்திச் சொல்றதுக்கா இத்தன வருசம் படிச்சேன்?" என்று உள்ளே போனார். மூன்று விதமாகக் கேட்டு உறுதி செய்துகொண்டார். பிறகு, "நீங்கள் சொல்வதை நான் ஏற்கவில்லை" என்று விதிப்படி ஜப்பானிய மொழியிலேயே மறுத்தார். ஹிராய் அவர்கள் பாதி வாயால் சிரித்து ஏதோ சொன்னார். அருகில் நின்ற மருத்துவர் என்னவென்று கேட்டார். "என் மரியாதைச் சொல் இன்னும் தவறு என்கிறார்" என்றார் அண்ணன். ஹிராய் அவர்களுக்கு நினைவு தெளிவாக இருக்கிறது என்பது மருத்துவருக்கும் புரிந்தது. அதன் பிறகே அண்ணன் அந்தப் 'போதும்' என்பதைக் கூட்டாமல் குறைக்காமல் எடுத்துச் சொன்னார்.

மகள் வரும் வரை டயாலிசிஸை நிறுத்தி வைத்தார்கள். மறுநாள் மாலை வந்த மகளிடமும் அவர் அதையேதான் சொன்னார். அந்த அம்மையார் அண்ணன் முன் நின்று ஆழமாகத் தலை வணங்கினார். ஆறு நாளில் ஹிராய் அவர்கள் மறைந்தார்.

அடுத்து இவரும் அதே முடிவை எடுத்துவிடுவாரோ என்று எங்களுக்கெல்லாம் உள்ளூரப் பயம். அண்ணி நேராகவே கேட்டுவிட்டார். அண்ணன் சொன்னார்: "அவரு கேள்விக்கு அவரு பதில் சொல்லிட்டாரு. என் கேள்விக்கு நான் இன்னும் சொல்லல. நாளைக்கு மெஷின் இருக்கு, சட்டைய எடுத்து வை."

மேலும் மூன்றாண்டுகள் ஒரு நாள் தவறாமல் போனார். ஞாயிறு காலைகளில் ஹிராய் அவர்களின் மகளோடு காணொளி அழைப்பில் வாதம் தொடர்ந்தது. பக்கத்து நாற்காலிக்கு வந்த புதியவரையும் விட்டுவைக்கவில்லை. ஒருநாள் காலைப் பசியாறிவிட்டு நாளிதழை விரித்தவர், அண்ணி தண்ணீர் கொண்டு வருவதற்குள் தலை சாய்ந்தார். இருதயம் நின்றுவிட்டது என்றார்கள். வலியில்லாமல் போனார் என்பது எங்களுக்கு ஆறுதல்.

அண்ணனைத் தம் பிள்ளையைப் போல் பார்த்துக்கொண்ட டயாலிசிஸ் மையத்துத் தாதியருக்கும், மழையென்றும் பாராமல் அவரை ஏற்றிச் சென்ற ஜெலுத்தோங் அண்டை வீட்டாருக்கும், கருமாதிக்குத் தோள் கொடுத்த பாகான் டாலாம் உறவுகளுக்கும், பழைய துறைமுகத் தோழர்களுக்கும், பதினாறாம் நாளன்று விமானமேறி வந்து எங்களோடு இலையில் அமர்ந்து உண்ட ஹிராய் அவர்களின் மகளுக்கும் அண்ணியும் நானும் கைகூப்பி நன்றி சொல்கிறோம்.

இத்தகைய மலர்களில், மறைந்தவர் யார் மனத்தையாவது நோகடித்திருந்தால் பொறுத்தருள வேண்டும் என்று எழுதுவார்கள். அண்ணன் வாதத்தில் உங்களை நோகடித்திருக்கக்கூடும். ஆனால் அதற்காக நான் மன்னிப்புக் கேட்டால் அவர் ஒப்பமாட்டார். அவர் சொன்னது தவறு என்று இன்னமும் உங்களுக்குத் தோன்றினால் ஜெலுத்தோங் வீட்டுக்கு வாருங்கள். அண்ணி தேநீர் போடுவார். அண்ணன் பக்கத்தை நான் பேசுகிறேன்.