பெருக்கு மிஷினும் தண்ணீர் வண்டியும்

யேசுரத்தினம் தெரு பெருக்குகிறவர் அல்ல. யாராவது வாய் தவறி அப்படிச் சொல்லிவிட்டால் அன்றைக்கு அவர்கள் பட்ட பாடு பெரும்பாடு. தெருவைப் பெருக்கியது மிஷின். அவர் அந்த மிஷினை ஓட்டினார், எண்ணெய் விட்டார், பழுதானால் பிரித்துப் பூட்டினார். இந்த வித்தியாசம் ஊருக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அவருக்கு அதுதான் உயிர்.

ஊர் தெற்குத் திருவிதாங்கூரில், பத்மநாபபுரத்திலிருந்து மாட்டுவண்டியில் ஒரு காலைப்பொழுதில் போய்ச் சேர்ந்துவிடக்கூடிய சிறு நகரம். பெயரைச் சொல்லப்போவதில்லை. அன்றைய நகரசபை மெம்பர்களின் பேரப்பிள்ளைகள் இன்னும் அங்கே கடை வைத்திருக்கிறார்கள். எனக்கு அவர்களிடம் துணி எடுக்க வேண்டியிருக்கிறது.

யேசுரத்தினத்தின் அப்பா பனையேறி. மகனை மிஷன் பட்டறையில் சேர்த்துவிட்டார். அங்கே பூட்டு, கீல், கிணற்றுக் கப்பி என்று தொடங்கி, கடைசலும் பற்றவைப்பும் வரை கற்றுக்கொண்டு வெளியே வந்தார். கொஞ்ச காலம் களியக்காவிளை போகிற பஸ் ஒன்றுக்குக் கீழே படுத்துக் கிடந்தார். 1929-இல் நகரசபை சீமையிலிருந்து ஒரு பெருக்கு மிஷினை வரவழைத்தபோது, அதைப் பூட்டத் தெரிந்த ஆள் வேண்டும் என்று தேடினார்கள். பாதிரியார் ஒரு வார்த்தை சொன்னார். வேலை கிடைத்தது.

மிஷின் பார்க்க ஒன்றும் பிரமாதமாக இருக்காது. இரண்டு பெரிய இரும்புச் சக்கரம், மேலே ஓட்டுகிறவருக்கு ஓர் இருக்கை, பின்னால் தெருவுக்குக் குறுக்கே சாய்வாக ஓர் உருளை. உருளை முழுக்க விறைப்பான நார்த் தும்பு. சக்கரம் உருண்டால் அச்சிலுள்ள பல்சக்கரம் சுற்றும், அது ஒரு சங்கிலியை இழுக்கும், சங்கிலி உருளையைச் சுழற்றும். குப்பை தெருவோரமாக ஒரு வரிசையாய் ஒதுங்கிவிடும். பின்னால் கூடையோடு வருகிற பெண்கள் அதை அள்ளிப்போவார்கள். இருக்கைக்கு வலப்பக்கம் ஒரு லிவர். முன்னால் தள்ளினால் உருளை இறங்கித் தரையைத் தொடும். பின்னால் இழுத்தால் தூக்கிக்கொள்ளும்.

அது குதிரைக்காகச் செய்த மிஷின். இங்கே கட்டியது மாடு. மாட்டின் நடைக்கு உருளை சோம்பேறித்தனமாகச் சுற்றி, குப்பையைத் தள்ளாமல் தடவிக்கொடுத்தது. யேசுரத்தினம் உருளைப்பக்கத்துப் பல்சக்கரத்தைக் கழற்றிவிட்டு அதைவிடச் சிறியதாக ஒன்று செய்து மாட்டினார். உருளை வேகம் பிடித்தது. தும்பு தேய்ந்தபோது அதைத் திரும்பவும் சீமையிலிருந்து வரவழைக்கப் போனார்கள். அது நம் பனங்காட்டிலிருந்து கப்பலேறிப் போன பனந்தும்புதான் என்று புதுக்கடைச் சந்தையில் தும்பு விற்ற வியாபாரி பார்த்ததுமே சொல்லிவிட்டார். அதன்பிறகு தும்பு புதுக்கடையிலிருந்தே வந்தது. நகரசபைக் கமிட்டியில் யாருக்கும் வெட்கமாக இருந்ததாகத் தெரியவில்லை.

வேகம் பிடித்த உருளையோடு ஒரு தொல்லையும் வந்தது. சரல் மண் தெரு. உலர்ந்து கிடந்தால் செம்புழுதி கூரை உயரத்துக்குக் கிளம்பும். ஆகவே மிஷினுக்கு முன்னால் தண்ணீர் வண்டி போயாக வேண்டும். பீப்பாய்க்குப் பின்னால் துளைபோட்ட செம்புக் குழாய், இரண்டு மாடு. அதை ஓட்டியவர் டைட்டஸ். யேசுரத்தினத்தின் தங்கை சத்தியபாயின் புருஷன்.

இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

காரணம் மிஷின்தான். அந்த வேலைக்கு டைட்டஸும் மனுப்போட்டிருந்தார். தான் மனுப்போடுவதை மச்சானிடம் சொல்லிவிட்டுத்தான் போட்டார். மச்சான் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு, அன்றைக்குச் சாயங்காலமே பாதிரியாரைப் போய்ப் பார்த்துவிட்டார். மிஷின் மச்சானுக்குப் போயிற்று. மிச்சமிருந்த தண்ணீர் வண்டி டைட்டஸுக்கு வந்தது. முதுகில் குத்திவிட்டார் என்று டைட்டஸ் ஒரே ஒரு முறை, கோயில் வாசலில், நாலுபேர் கேட்கச் சொன்னார். யேசுரத்தினம் அதை மன்னிக்கவில்லை. குத்தினவர் குத்துப்பட்டவரை மன்னிக்காமல் இருந்தார் என்பது எனக்கு இன்றுவரை வயிற்றெரிச்சல்.

ஞாயிற்றுக்கிழமை ஒரே கோயிலில் ஒரே பக்கம் உட்கார்ந்து ஒரே பாட்டைப் பாடினார்கள். சத்தியபாய் கொடுத்தனுப்பும் மீன்குழம்பை யேசுரத்தினம் இரண்டாம் தரம் ஊற்றிக்கொள்வார். யார் வைத்தது என்று மனைவி ராகேலிடம் கேட்க மாட்டார். தங்கையோடு பேசுவார். தங்கை வீட்டு நடைமட்டும் ஏறுவதில்லை.

ஆனால் வேலை என்று வந்தால் இருவரையும் குறை சொல்ல முடியாது. தண்ணீர் அதிகமானால் தும்பு சேற்றில் ஒட்டி, உருளை மண்பொதியாகிவிடும். குறைந்தால் புழுதி. டைட்டஸ் குழாயின் துளைகளை ஒவ்வொன்றாகக் குடைக்கம்பியால் குத்திச் சுத்தம் செய்வார். தெருவில் எங்கே மேடு, எங்கே பள்ளம், எந்த மரத்து நிழலில் ஈரம் நிற்கும் என்று மாட்டுக்கே தெரியும் என்பார்கள். அவர் விட்ட தண்ணீர் ஊறி அடங்குகிற நேரம் பார்த்து மிஷின் கொட்டகையிலிருந்து புறப்படும். ஆறு வருஷம் ஒரு சொல் பேசாமல் இப்படியே நடந்தது. தண்ணீர் விட அவனுக்குத் தெரியும் என்று யேசுரத்தினம் ராகேலிடம் ஒருமுறை சொன்னாராம். சொல்லிவிட்டு உடனே பேச்சை மாற்றிவிட்டாராம்.

ஏழாம் வருஷத்துப் பங்குனி மோசமாக வந்தது. விட்ட தண்ணீர் ஊறும் முன்பே உலர்ந்தது. யேசுரத்தினம் முன்கூட்டியே கிளம்பிப் பார்த்தார்; சேறு அப்பிக்கொண்டது. பிந்திப் பார்த்தார், புழுதி பறந்தது. கடைத்தெருவில் கோலப்பன் ஜவுளிக்கடையில் அடுக்கி வைத்திருந்த வேஷ்டிகள் காவி கட்டிக்கொண்டன. கோலப்பனும் ஒரு மெம்பர். அவர் கமிட்டியில் போட்ட சத்தம் தெருமுனைவரை கேட்டது.

கமிட்டி ஒரு முடிவுக்கு வந்தது. வருகிற சனிக்கிழமை காலையில் மெம்பர்கள் கடைத்தெருவில் நின்று பார்ப்பார்கள். அன்றைக்கும் புழுதி கிளம்பினால் மிஷின் பழைய இரும்புக்குப் போகும். பழையபடி விளக்குமாறே போதும்.

யேசுரத்தினத்துக்கு அன்றிரவு சோறு இறங்கவில்லை. என்ன செய்ய வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்தேயிருந்தது. ஒரு தரம் கனமாக விடுகிற தண்ணீரை இரண்டு தரமாக மெல்ல விட வேண்டும். முதல் தண்ணீர் மண்ணுக்குள் போகும், இரண்டாவது மேலே பிடித்துவைக்கும். அதற்கு டைட்டஸிடம் சொல்ல வேண்டும். ஓவர்சியர் ஐயப்பன் பிள்ளையைப் போய்ப் பார்த்தார். ஐயப்பன் பிள்ளை எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, நீங்கள் இருவரும் பேசி ஒரு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள் என்றார். ஊரிலேயே நடக்காத ஒரே காரியத்தை அவ்வளவு சுலபமாகச் சொன்னார் மனுஷன்.

ராகேல் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"ஒரு வார்த்த பேசுனா ஒங்க நாக்கு தேஞ்சா போவும்?"

பேசினால் ஆறு வருஷத்துக் கோபம் வீண் என்று ஆகிவிடும். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை என்று நினைக்கிறேன்.

கடைசியில் ராகேலே போனாள். சத்தியபாய் அப்போது நிறைமாதம். கல்யாணமாகி ஒன்பது வருஷத்துக்குப் பிறகு உண்டான பிள்ளை. அவள் படுத்திருந்தபடியே நாத்தனாரும் மதினியுமாகப் பேசினார்கள். சத்தியபாய் தன் புருஷனிடம் சொன்னாள். டைட்டஸ், சனிக்கிழமை இரண்டு தரம் விடுகிறேன் என்றார். ராகேல் வந்து சொன்னபோது யேசுரத்தினம் தும்பைக் கத்தரித்துச் சமன் செய்துகொண்டிருந்தார். சரி என்றுகூடச் சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டார்.

சனிக்கிழமை கிழக்கு வெளுக்கும் முன்பே கொட்டகைக்குப் போய்விட்டார். எண்ணெய் விட்டார், அச்சைத் துடைத்தார், லிவரை முன்னும் பின்னுமாக ஆட்டிப் பார்த்தார். சங்கிலியில் ஒரு கண்ணி தளர்ந்திருந்தது. அதன் ஆணியைப் பட்டறைக்கல்லில் வைத்து அடித்துக்கொண்டிருக்கும்போது கொட்டகை வாசலில் குரல் கேட்டது.

"மச்சான்."

யார் குரல் என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. சுத்தியல் ஒரு அடி பிந்தியது. பிறகு தொடர்ந்து அடித்தார். இரண்டு தரம் தண்ணீர் விடுகிறேன் என்று ஒத்துக்கொண்டதற்குக் கூலியாக என் வாயால் ஒரு சொல் வாங்கிப்போக வந்திருக்கிறான் என்று அவர் புத்தி அந்த நேரத்தில் சொல்லிற்று.

"மச்சான்" என்று இன்னொரு தடவை கேட்டது.

அவர் திரும்பவில்லை. ஆணி எப்போதோ இறுகிவிட்டது. அவர் அடித்துக்கொண்டே இருந்தார். கடைசியில் திரும்பிப் பார்த்தபோது வாசலில் யாரும் இல்லை.

நேரம் பார்த்து மாட்டைப் பூட்டிக்கொண்டு புறப்பட்டார். கடைத்தெருவின் அந்தக் கோடியில் மெம்பர்கள் வெளுத்த வேஷ்டியோடு நின்றுகொண்டிருந்தார்கள். கோலப்பன் கடைப் பலகையைப் பாதி திறந்து வைத்து வாசலிலேயே நின்றார். யேசுரத்தினம் முனை திரும்பினார். கீழே பார்த்தார்.

தெரு காய்ந்து கிடந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் விழவில்லை.

அவர் உருளையை இறக்காமல் ஓட்டிப்போயிருக்கலாம். நேரே மெம்பர்களிடம் போய், இன்றைக்குத் தண்ணீர் இல்லை, இன்னொரு நாள் பாருங்கள் என்றால் தலையையா வாங்கிவிடுவார்கள்? மிஷினைத் தன் பிள்ளைபோல் வைத்திருந்தவர் அவர். ஆனால் அந்த நிமிஷத்தில் அவர் மிஷினை நினைக்கவில்லை. சொன்ன சொல்லை மாற்றிவிட்டான், அதைச் சொல்லிக்காட்டத்தான் விடியுமுன் வந்து கூப்பிட்டான், இதை நாலுபேர் பார்க்கட்டும் என்று மட்டும் நினைத்தார். லிவரை முன்னால் தள்ளினார்.

அவர் செய்துவைத்த பல்சக்கரம் நன்றாகவே வேலை செய்தது. செம்புழுதி எழும்பித் தெருவை மூடிற்று. கூடைக்காரப் பெண்கள் முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு ஒதுங்கினார்கள். மிஷின் தெருக்கோடி வந்து நின்றபோது மெம்பர்களின் வேஷ்டி, மீசை, இமை எல்லாம் சிவந்திருந்தன. யேசுரத்தினம் இருக்கையில் இருந்தபடியே, தண்ணீர் வண்டிக்காரன் வேண்டுமென்றே செய்தான், டைட்டஸைக் கேளுங்கள் என்றார். அவர்கள் இருமி முடித்துவிட்டு இரண்டு தீர்ப்பை ஒன்றாகச் சொன்னார்கள். தண்ணீர் வண்டிக்காரனுக்கு இன்றோடு வேலை இல்லை. மிஷினையும் இன்றோடு நிறுத்தியாயிற்று.

முதலாவதைக் கேட்டு அவருக்கு ஒரு கணம் சந்தோஷமாக இருந்தது. இதை அவரே பிற்பாடு ஒளிக்காமல் சொன்னதாக ராகேல் சொல்லியிருக்கிறாள்.

கொட்டகையில் மிஷினை விட்டுவிட்டு வீட்டுக்குப் போனார். கதவு சாத்தியிருந்தது. பக்கத்து வீட்டு நேசம்மாள்தான் சொன்னாள். விடியுமுன்பே சத்தியபாய்க்கு வலி கண்டுவிட்டதாம். பிள்ளை குறுக்கே கிடக்கிறது, நம் கையில் நிற்காது என்று மருத்துவச்சி கைவிட்டுவிட்டாளாம். டைட்டஸ் வாடகைவண்டி பிடித்து அவளைப் படுக்கவைத்து, போகிற வழியில் ராகேலையும் ஏற்றிக்கொண்டு மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார்.

"கொட்டகையில ஒங்கள விளிச்சுப் பாத்துட்டுத்தான் வாறேன்னு ஒங்க மாப்பிள சொல்லிச்சே" என்றாள் நேசம்மாள்.

ஆஸ்பத்திரிக்கு மூன்று மைல் வெயிலில் நடந்தார். முகம்கூடக் கழுவவில்லை. பிரசவ வார்டு வராந்தாவில் டைட்டஸ் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கீறித்தான் பிள்ளையை எடுத்தார்கள், பெண்பிள்ளை, தாய் பிழைத்துக்கொள்வாள் என்று ராகேல் வந்து சொன்னாள். சொல்லிவிட்டுப் புருஷனை ஏற இறங்கப் பார்த்தாள். டைட்டஸும் அப்போதுதான் பார்த்தார். தலையிலிருந்து கால்வரை செம்மண். அந்த மண்ணை அவரைவிட அறிந்தவர் யார்? தெருவில் என்ன நடந்தது என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"வெள்ளம் விடாம ஏம் மச்சான் பிரஷ எறக்கினிய?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. பதறிப்போய்க் கேட்டார்.

மிஷின் போய்விட்டது, உன் வண்டியும் போய்விட்டது, நான்தான் உன் பேரைச் சொன்னேன் என்று யேசுரத்தினம் ஒருவழியாகச் சொல்லி முடித்தார். ஆறு வருஷத்தில் மாப்பிள்ளையிடம் அவர் பேசிய முதல் பேச்சு அது.

மச்சானுக்காக டைட்டஸே ஒரு சமாதானம் கண்டுபிடித்தார்.

"இன்னைக்கு வெள்ளம் விட ஒக்காதுன்னு சொல்லத்தான் வந்தேன். ரெண்டு தடவ விளிச்சேன். சுத்தியல் சத்தத்துல ஒங்களுக்குக் கேட்டிருக்காது."

ஆமாம் என்று தலையாட்டியிருந்தால் எல்லாம் அதோடு முடிந்திருக்கும். ராகேல்கூட அவர் தலையாட்டிவிட வேண்டும் என்றுதான் அந்த நேரத்தில் ஜெபித்தாளாம்.

"கேட்டுது மாப்பிளே" என்றார் யேசுரத்தினம். "ரெண்டு தடவையும் கேட்டுது."