அம்மா அண்ணே என்று கூப்பிடாத மனிதர்

அம்மாவின் பேச்சிலிருந்து ‘அண்ணே’ காணாமல் போனதைத்தான் நான் முதலில் கவனித்தேன். பாசார் என்கிற எங்கள் மார்க்கெட்டின் மேல்மாடியில் பழைய புத்தகம் விற்கிறவர் ஒருவர் இருக்கிறார். இரண்டு வருடமாக அம்மா அவரிடம்தான் கதைப்புத்தகம் வாங்குகிறாள். ‘அண்ணே, புதுசு ஏதும் வந்துச்சா?’ என்று போனில் கேட்பாள். ஒரு நாள் சாயங்காலம் பார்த்தால் ‘புதுசு ஏதும் வந்துச்சா?’ மட்டும் இருக்கிறது. முன்னால் இருந்த அண்ணேயைக் காணோம்.

ஒரு சொல்தானே என்று நீங்கள் சிரிக்கலாம். அம்மா ஊரில் எல்லாரையும் முறை சொல்லியே கூப்பிட்டுப் பழகியவள். ரொட்டிச் சானாய் போடுகிறவர் அண்ணே, கேஸ் கொண்டுவருகிறவர் தம்பி, பக்கத்து வீட்டுச் சீனப் பெண்மணிகூட அக்கா. அப்படிப்பட்டவள் எந்த முறையும் வைக்காமல் கூப்பிட்ட ஆண் இந்த உலகத்தில் ஒருவர்தான், என் அப்பா. அவருக்கு ‘இந்தாங்க’, ‘கேக்குதா’, அவ்வளவுதான். அப்பா போய் எட்டு வருடம் ஆகிறது. அந்தக் காலி இடத்துக்குள் யாரோ செருப்பைக் கழற்றிவிட்டு நுழைகிற மாதிரி இருந்தது. எனக்கு மூக்கு வேர்த்துவிட்டது.

சந்தேகப்படுவது என் பிழைப்பு. பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் ஓர் எலெக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் பதினேழு வருடமாகச் சரக்கு சோதிக்கிற வேலை. நாள் முழுக்க மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்து, நன்றாக இருக்கிற சாமானில் என்ன கோளாறு என்று தேடுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கண் சும்மா இருக்காது. எங்கள் கல்யாணம் நாலே வருடத்தில் முடிந்ததற்கு என் சந்தேகக் கண்தான் காரணம் என்று என் கணவராக இருந்தவர் எல்லாரிடமும் சொன்னார். கண் சரியாகத்தான் பார்த்திருந்தது, அது வேறு கதை.

ஆறு வருடத்துக்கு முன்னால் இரண்டு பையோடு டத்தோ கிராமாட்டில் அம்மா வீட்டு வாசலில் வந்து நின்றேன். சொந்தக்காரர்கள் எல்லாம் என்ன ஆச்சு, யார் மேல் தப்பு என்று துருவித் துருவிக் கேட்டார்கள். அம்மா கிரில் கதவைத் திறந்து ‘சாப்பிட்டியா?’ என்று மட்டும் கேட்டாள். இன்றுவரை வேறு எதையும் கேட்டதில்லை.

அம்மா படிக்கிற புத்தகங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு பல் கிளினிக்கில் முப்பது வருடம் கவுண்டரில் உட்கார்ந்து ரிட்டயர் ஆனவள். பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் மீடியம். அதனால் படிப்பதெல்லாம் இங்கிலீஷ் காதல் நாவல்கள். காதல் என்றதும் கண்டதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். இருநூறாம் பக்கத்தில் கையைப் பிடித்தாலே பெரிய விஷயம். குடும்பம் உடைந்துபோன யாராவது சின்ன ஊர் ஒன்றுக்கு வந்து எல்லாவற்றையும் முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள். பாதிக்கு மேல் ஆமிஷ் கதைகள். அமெரிக்காவில் கரண்ட் வேண்டாம், டிவி வேண்டாம் என்று பண்ணையில் பிழைக்கிற ஒரு கிறிஸ்தவக் கூட்டமாம். அட்டையில் வெள்ளைத் தொப்பி போட்ட ஒரு பெண் வயலில் நின்றுகொண்டு எங்கேயோ பார்ப்பாள்.

‘கார்கூட வச்சுக்க மாட்டாங்களாம்மா?’ என்று கேட்டேன்.

‘கெரெத்தா இல்லடி, கெரெத்தா குடாதான்’ என்றாள். மலாயில் கெரெத்தா என்றால் கார், கெரெத்தா குடா என்றால் குதிரை வண்டி. ‘என்ன நிம்மதி பாரு. பார்க்கிங் தேட வேண்டாம்லா.’

அண்ணே காணாமல் போன அதே வாரம் அம்மாவுக்குத் தெரியாமல் ஒரு புத்தகத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டு ஃபேக்டரி பஸ்ஸில் படித்தேன். ஒரு விதவை. ரொட்டிக் கடை வைத்திருக்கிறாள். கூரை ஒழுகுகிறது. மனைவியை இழந்த தச்சர் ஒருவர் வந்து கூரையைச் சரிசெய்கிறார். அவள் ஆப்பிள் பை சுட்டுக் கொடுக்கிறாள். அப்புறம் என்ன, கல்யாணம்தான். அடுத்த புத்தகத்தில் கூரைக்குப் பதில் வேலி. மூன்றாவதில் கிணறு. இந்த விதவைகள் வீட்டில் எதையாவது உடைத்து வைத்துக்கொண்டுதான் காத்திருக்கிறார்களோ என்று தோன்றியது.

கதையை விட எனக்கு ஓரங்கள்தான் முக்கியம். அங்கங்கே பென்சில் குறிகள் இருந்தன. கிளினிக் ஃபைலில் போடுவதுபோல் அம்மாவின் சின்ன டிக். அது தெரிந்த சங்கதி. ஆனால் ஒவ்வொரு டிக்குக்குப் பக்கத்திலும் ஒரு புள்ளி. புள்ளி வேறு பென்சில். கொஞ்சம் கறுப்பு, அழுத்தமும் அதிகம். சில இடத்தில் புள்ளி மட்டும் இருந்தது, டிக் மட்டும் இருந்த இடம் ஒன்றுகூட இல்லை. அப்படியென்றால் புள்ளி முந்தியது, டிக் அதற்குப் பதில். அடப்பாவி, அந்தப் புத்தகக்காரர் படித்துவிட்டுத்தான் இவளுக்குக் கொடுக்கிறார்! துறைமுகத்தில் கிராணியாக, அதாவது கிளார்க்காக, இருந்து ரிட்டயர் ஆன மனிதர், தனிக்கட்டை, அறுபத்தாறு வயது, வயலில் நிற்கிற தொப்பிக்காரியைப் படித்துப் புள்ளி வைக்கிறார். யாரிடம் காதில் பூ சுற்றுகிறார்கள்?

பிறகு சித்தி போன் பண்ணினாள். ‘உங்கம்மாவுக்கு என்னடி ஆச்சு? எது கேட்டாலும் ஓம், ஓம்ங்கறா. மந்திரம் எதுவும் சொல்றாளா?’

எனக்குப் பொறி தட்டியது. புத்தகக் கடைக்காரர் யாழ்ப்பாணத்துக் குடும்பம். அவர்கள்தான் ‘ஆமாம்’ என்பதற்கு ‘ஓம்’ என்பார்கள். அறுபத்து மூன்று வருடமாக ‘ஆமா, ஆமா’ என்று தலையாட்டியவள் அம்மா. ‘கோயில்ல ஏதோ தியான வகுப்பு சித்தி’ என்று சொல்லிச் சமாளித்தேன். துப்பறிகிறவள் நான்தான், ஆனால் அவளுக்காகப் பொய் சொல்கிறவளும் நானாகவே ஆகிவிட்டேன்.

அந்த மாதம் எங்கள் அடுப்படி சிங்க்கில் பைப் ஒழுக ஆரம்பித்தது. சத்தியமாக, தானாகத்தான் ஒழுகியது. அம்மா உடைத்திருப்பாளோ என்று டார்ச் அடித்துக்கூடப் பார்த்தேன். சனிக்கிழமை காலையில் அவர் ஸ்பேனரோடு வந்து, சிங்க்குக்கு அடியில் தலையை விட்டு, வாஷரை மாற்றினார். அம்மா கேசரி கிண்டிக் கொடுத்தாள். ‘நல்லா இருக்கு’ என்றார் அவர். ‘இன்னும் கொஞ்சம் வச்சுக்குங்க’ என்றாள் அம்மா. அண்ணே இல்லை. வாசலில் நின்று பார்த்த எனக்குப் பயம் வந்துவிட்டது. ஆப்பிள் பைக்குப் பதில் கேசரி, வேறு ஒரு வித்தியாசமும் இல்லை.

என்ன பயம் உனக்கு என்று நீங்கள் கேட்கலாம். ஊர் பேசும், சித்தி பேசுவாள், யாழ்ப்பாணத்தார் வேறு நாம் வேறு என்று சொந்தம் கிளம்பும் என்றெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதெல்லாம் சாக்கு. அம்மா கிளம்பிப் போய்விட்டால் அந்த வீட்டில் நானும் ஃப்ரிட்ஜ் சத்தமும்தான் மிச்சம். நாற்பத்தொரு வயதில் இரண்டாவது தடவையாக ஒருவர் என்னை விட்டுவிட்டுப் போவதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் ஒரு கட்டுப் புத்தகத்தோடு வந்தார். நான் காப்பி போட்டுக்கொண்டு போனேன். அதுவரை அவரை ‘அங்கிள்’ என்றுதான் கூப்பிடுவேன். அங்கிள் யாரையும் எதிலும் கட்டிப்போடாத சொல், டாக்சிக்காரரும் அங்கிள்தான். அன்றைக்குக் கோப்பையை நீட்டி, நிதானமாக, சிரித்த முகத்தோடு சொன்னேன்.

‘எடுத்துக்குங்க மாமா.’

மாமா என்றால் அம்மாவின் கூடப்பிறந்தவர். எனக்கு மாமா என்றால் அவளுக்கு அண்ணன். தமிழ் தெரிந்தவர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. அவர் கோப்பையை வாங்கிக்கொண்டு ‘நன்றி பிள்ளை’ என்றார். குடித்து முடிக்கும்வரை தலையை நிமிர்த்தவில்லை. அம்மா என்னைத் திட்டவில்லை, முறைக்கவும் இல்லை. மேசையிலிருந்த பிஸ்கட் தட்டை எடுத்து, நேராக இருந்ததையே மறுபடி நேராக வைத்தாள். அவர் கிளம்பும்போது வாசலில் நின்று, எனக்குக் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொன்னாள். ‘போய்ட்டு வாங்கண்ணே.’

ஜெயித்துவிட்டேன். ஆனால் ஜெயித்த வீடு மாதிரி இல்லை அது. அம்மா பாசார் மாடிக்குப் போவதை நிறுத்தினாள். போன் வந்தால் ‘வேணாண்ணே, கண்ணு வலிக்குது’ என்றாள். அந்தக் கட்டு அலமாரியின் அடித்தட்டுக்குப் போனது. டிவியில் என்ன ஓடுகிறது என்றுகூடத் தெரியாமல் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தாள். சித்தியிடம் பேசும்போது திரும்பவும் ‘ஆமா’ வந்துவிட்டது. அந்த ஆமாவைக் கேட்க எனக்குச் சகிக்கவில்லை.

மூன்று வாரம் போனது. அம்மா கோயிலுக்குப் போயிருந்த ஒரு காலையில் அந்தக் கட்டை வெளியே எடுத்தேன். மற்றவற்றில் நூல் முடிச்சே அவிழவில்லை. மேலே இருந்த ஒன்றை மட்டும் உருவிப் படித்திருக்கிறாள். அதிலும் ஒரு விதவைதான். இந்தத் தடவை உடைந்தது காற்றாலை. நடுவில் அவளுடைய வளர்ந்த மகள் குறுக்கே நிற்கிற இடம் ஒன்று வந்தது. அந்தப் பக்கத்தில் புள்ளியும் இல்லை, டிக்கும் இல்லை. ஆனால் ஓரம் கொஞ்சம் வழவழப்பாக இருந்தது. அழிரப்பர் போட்ட இடம். ஃபேக்டரியில் செய்கிற மாதிரி பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தேன். பென்சிலை அழிக்கலாம், அழுத்தத்தை அழிக்க முடியாது.

மேலே அவருடைய கை: ‘மகளிட்ட கேட்டனீங்களோ?’

கீழே அம்மாவின் சாய்ந்த எழுத்து: ‘கேக்க மாட்டேன். அவளுக்குப் பயம். அவளை விட்டுட்டு எனக்கு எதுவும் வேண்டாம்.’

எழுதியிருக்கிறாள், அதைக்கூட அவருக்கு அனுப்பாமல் அழித்திருக்கிறாள். நான் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். என்ன பிறவி நான்! இரண்டு பையோடு வந்து நின்றபோது என்னிடம் ஒரு கேள்வி கேட்காதவள் அவள். அவளுடைய புத்தகத்தை, போனை, கேசரியை, வாயிலிருந்து விழுகிற சொல்லைக்கூட நான் மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்திருக்கிறேன். சோதனையில் தேறாதது என்ன என்று தேடினேனே, தேறாதது நான்தான்.

முகத்தைக் கழுவிக்கொண்டு பாசாருக்குப் போனேன். மேல்மாடியில் அவர் புத்தகங்களை முதுகு தெரிகிற மாதிரி அடுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். வாயில் ‘மாமா’ வந்தது, நாக்கைக் கடித்துக்கொண்டேன். அங்கிளும் வரவில்லை.

‘வீட்டுல பைப்பு ஒழுகுது’ என்றேன்.

அவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். பார்க்க வேண்டியதுதான். ‘நான் இப்பதானே வாஷர் மாத்தினனான்?’

‘திரும்பவும் ஒழுகுது. கொஞ்சம் வந்து பாருங்க.’

ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வந்தார். அதற்குள் கோயிலிலிருந்து திரும்பியிருந்த அம்மா கிரில் கதவைத் திறந்தாள். அவரைப் பார்த்ததும் முகம் ஒரு நிமிஷம் மலர்ந்து, என்னைப் பார்த்ததும் அடங்கியது. ‘வாங்கண்ணே’ என்றாள்.

அவர் நேரே அடுப்படிக்குப் போய், தண்ணீரைத் திறந்துவிட்டு, சிங்க்குக்கு அடியில் குனிந்து பார்த்தார். ஒரு சொட்டுகூட இல்லை. ‘ஒழுகேல்லையே பிள்ளை’ என்றார்.

அம்மா என் பக்கம் திரும்பினாள். வாழ்க்கையில் முதல் தடவையாக என்னைச் சந்தேகத்தோடு பார்த்தாள். ‘என்னடி பண்ற நீ?’

‘அம்மா, அவரை அண்ணேன்னு கூப்பிடாதம்மா.’

தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. அவர் ஸ்பேனரைக் கையில் பிடித்தபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா போய்க் குழாயை மூடினாள். மூடின கையை எடுக்காமல், எங்கள் இருவருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். பிறகு திரும்பாமலே கேட்டாள்.

‘அப்ப நீ என்னன்னு கூப்பிடுவ?’

‘தெரியலம்மா’ என்றேன். உண்மையிலேயே தெரியவில்லை. இப்போது அவர் வாரம் மூன்று நாள் வருகிறார், சில நாள் இரண்டு பேருமாக என்னை உட்காரவைத்துக் கதை சொல்கிறார்கள். நான் இன்னும் எந்த முறையும் சொல்லாமல் வாங்க, சாப்பிடுங்க, போய்ட்டு வாங்க என்று ஓட்டிக்கொண்டிருக்கிறேன். அம்மாவும் அப்படித்தான்.