பத்தியம் இல்லாத மாத்திரை

சென்ற புதன்கிழமை டாக்டர் என் அக்காவின் மார்புக் கட்டியை அளந்து பார்த்தார். முகம் மாறியது.

"மூணு மாசம் ஆச்சு. கொஞ்சமாவது சுருங்கியிருக்கணுமே… மாத்திரையை ஒழுங்காப் போடுறீங்களா?"

"போடாம? பத்தியம் தப்பாமப் போடுதேன்" என்றாள் அக்கா, பெருமையாக.

பத்தியமா? அவர் அப்படி எதுவும் சொல்லவே இல்லையே!

அக்காவுக்கு எழுபத்திரண்டு வயது. மார்பகப் புற்றுநோய். இதயம் பலவீனம் என்பதால் இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம் என்றிருந்தார் டாக்டர். அவளுக்கு வந்திருப்பது ஹார்மோனைத் தின்று வளரும் வகை. அந்தத் தீனியைத் தடுக்க ஒரு மாத்திரை, தினமும். அவ்வளவுதான்.

அந்த 'அவ்வளவுதான்' எங்கள் சனத்துக்குப் பொறுக்கவில்லை. கோவில்பட்டியில் ஒருவர் படுத்தால் விசாரிக்க வருவார்கள் – கையில் ஒரு சீப்பு வாழைப்பழம், வாயில் ஒரு மருத்துவக் கல்லூரி! எப்போதும்வென்றான் கிராமத்திலிருந்து வந்த எங்கள் மதினி, மாத்திரையை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தாள்.

"இம்புட்டுக்காணு மாத்திரை… பத்தியமும் சொல்லலையா? பத்தியம் இல்லாதது என்ன மருந்து? கருவாடு தின்ன அன்னைக்கு இதைப் போட்டிராதீய, மருந்து முறிஞ்சிரும்."

போகிறபோக்கில் என் காதில், "ஒம் மகளுக்கு மாப்பிள்ளை பேசும்போது இதை மூச்சு விட்டிராத." அன்றிலிருந்து மகளைப் பார்க்கும்போதெல்லாம் இவளுக்கும் வந்துவிடுமோ என்று யோசிக்கிறேன். விசாரித்த லட்சணம்!

சரி, அக்கா என்ன செய்தாள்? கருவாட்டுக் குழம்பு இல்லாமல் அவளுக்குச் சோறு இறங்காது. கருவாட்டை விட முடியவில்லை… மாத்திரையை விட்டுவிட்டாள். வாரத்தில் பாதி நாள்!

அவள் இதைச் சொன்னதும் டாக்டர் முன்னாலேயே கத்திவிட்டேன்.

"ஏட்டி, மொறைக்காத. அவிய அனுபவப்பட்டவிய. சொன்னா கேக்க வேண்டாமா?"

"அவியளுக்கு எந்தப் புற்றுநோய் வந்து அனுபவம்?"

"எனக்குத்தான் வலியே இல்லையேட்டி…"

டாக்டர் சிரிக்கவில்லை. "என்ன வேணும்னாலும் சாப்பிடுங்கம்மா. மாத்திரையை மட்டும் ஒருநாள்கூட விடாதீங்க. இன்னும் மூணு மாசம் பார்ப்போம். அப்பவும் சுருங்கலைன்னா…" முடிக்காமலே அடுத்தவரைக் கூப்பிட்டார்.

படித்தவர் சொன்னால் சந்தேகம், பழம் கொண்டுவந்தவர் சொன்னால் வேதம்! நம்மைத் திருத்த எந்த மாத்திரை இருக்கிறது?

மதினி இப்போது கடம்பூரில் யாருக்கோ மூட்டுவலி என்று விசாரிக்கப் போயிருக்கிறாளாம்.

கட்டி எங்கள் வீட்டில் இருக்கிறது.