தங்கை மகளைத் தூக்கப் பழகிய வயிறு

இருபத்தைந்து வருடங்களாக நான் செய்துவந்த ஒரே உடற்பயிற்சி, யாராவது பார்க்கும்போது வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்வது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. பஸ் ஸ்டாப்பில் இழுப்பேன், பேங்க் வரிசையில் இழுப்பேன், போட்டோ என்றால் கேமராவை எடுப்பதற்கு முன்பே இழுத்துவிடுவேன். இப்படி நாள்பட இழுத்தால் வயிற்றுத் தசைகள் வைரம் பாய்ந்துவிடும் என்று மனதார நம்பினேன். நாலு அலமாரி புத்தகம் படித்தவன். உடற்பயிற்சி பற்றியும் ஒன்று வைத்திருக்கிறேன்; அட்டையில் இருந்தவரைப் பார்த்ததோடு மூடிவிட்டேன்.

இந்த நம்பிக்கைக்குச் சோதனை, தங்கை மகளின் கல்யாண வடிவில் வந்தது. தை மாதம் பேசி முடித்தார்கள். வைகாசியில் சோழவந்தானில் கல்யாணம். எங்கள் வகையறாவில் தாய்மாமன்தான் பெண்ணை இரு கைகளிலும் ஏந்தி வந்து மணவறையில் உட்கார வைக்க வேண்டும். கையைப் பிடித்து அழைத்து வந்தால் செல்லாது. அதிலும் மூத்த மாமன் நடமாட்டத்தோடு இருக்கும்போது இளையவன் தூக்கிவிட்டால், “மூத்தவருக்கு என்ன செய்யுது?” என்று பந்தியில் இலை போடுவதற்குள் பத்துப் பேர் கேட்பார்கள். பதிலையும் அவர்களே சொல்லிக்கொள்வார்கள்.

ஒத்திகை பார்த்துவிடலாம் என்று வீட்டிலிருந்த அரிசி மூட்டையைத் தேர்ந்தெடுத்தேன். இருபத்தைந்து கிலோ. பெண்ணின் எடையை அவளிடம் கேட்கும் தைரியம் எனக்கில்லை. அரிசி எதையும் தப்பாக எடுத்துக்கொள்ளாது. வழக்கம்போல வயிற்றை முதுகுவரை இழுத்து, மூச்சைப் பிடித்து, குனிந்து, ஒரே தூக்கு. இடுப்புக்கு மேலே எதுவோ சுளுக்கென்று பிடித்தது. மூட்டை கீழே போய்விட்டது. நான் அதே குனிவில் நின்றேன்.

மனைவி அடுக்களைக்குள் வந்தார்.

“என்னத்தத் தேடுறீக?”

“தேடல. நிமிர முடியல.”

“அதுக்கு எதுக்கு அரிசிய மொறச்சுக்கிட்டு நிக்கிறீக?”

சாயந்திரம் தம்பி வந்தான். என்னைவிடப் பத்து வயது இளையவன், தினமும் ஜிம்முக்குப் போகிறவன். சட்டைக் கைக்குள் அவன் கை அடங்குவதில்லை.

“அண்ணே, நீங்க செரமப்படாதீங்க. நான் தூக்கிக்கிறேன். ஒத்தக் கை போதும்.”

“இன்னொரு கையில மாப்பிள்ளையத் தூக்கிட்டு வரப் போறியா?”

அவன் சிரித்தான். என்னால் சிரிக்க முடியவில்லை. சிரித்தால் முதுகு இழுத்தது. அந்தப் பெண்ணுக்குக் காது குத்தியபோது மடியில் வைத்திருந்தவன் நான். அவள் வீறிட்ட வீறலில் என் இடது காது அரை நாள் கேட்கவில்லை. அவளை மணவறைவரை கொண்டுபோவது என் காரியம். அதை வேறொருவன் செய்ய, நான் ஓரமாக நின்று அட்சதை போடுவதை நினைத்தால் முதுகைவிட அதிகமாக வேறெங்கோ வலித்தது.

தங்கை போனில் நேராகவே கேட்டாள். “முடியலைன்னா இப்பவே சொல்லிருண்ணே. கடைசி நேரத்துல புள்ளயக் கீழ போட்றாத.”

முடியும் என்றேன். குனிந்தபடிதான் சொன்னேன். போனில் அது தெரியாது.

சிம்மக்கல்லில், பிளாஸ்டிக் வாளி மொத்தமாக விற்கும் கடைக்கு மேலே ஒரு பிசியோதெரபி கிளினிக். முதுகு போனவர்களைச் சோதிக்கவே கட்டியதுபோல இருபத்திரண்டு செங்குத்துப் படிகள். மேலே இருந்த பிசியோதெரபிஸ்ட்டுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். வலியெல்லாம் அடங்கிய பிறகு, மூன்றாவது வாரம், பாயில் மல்லாக்கப் படுக்கவைத்துச் சொன்னார்.

“வயித்தை இறுக்குங்க சார்.”

எனக்குக் கைவந்த கலை. விலா எலும்பு தெரிய உள்ளே இழுத்தேன். பாராட்டுக்காகக் காத்திருந்தேன்.

“இது என்ன சார், போட்டோவுக்கு நிக்கிற மாதிரி? உள்ள இழுக்கக் கூடாது. இழுத்தா முதுகுக்குப் பிடிமானமே இருக்காது. இறுக்கணும்.”

“ரெண்டும் ஒண்ணுதானம்மா?”

“இப்ப நான் உங்க வயித்துல ஒரு குத்து விடப் போறேன்னு வச்சுக்குங்க,” என்று முஷ்டியை ஓங்கினார். வயிறு தானாகக் கல்லுபோல ஆனது.

“அதான் சார்! அதேதான்!”

வாழ்க்கையில் முதல் தடவையாக என் வயிறு ஒரு காரியத்தை ஒழுங்காகச் செய்தது, அதுவும் பயத்தில்.

இடுப்பு எலும்பிலிருந்து ரெண்டு விரல் உள்ளே தள்ளி அழுத்திக்கொண்டு இருமச் சொன்னார். இருமினேன். விரலுக்கடியில் ஏதோ ஒன்று விறைத்து எழுந்தது. அம்பது வருடமாகக் கூடவே குடியிருந்தும் அறிமுகமாகாத தசை அது. “இதுல கால்வாசி இறுக்கம் போதும். முன்னாடி மட்டும் இல்ல, பெல்ட்டு போட்ட மாதிரி சுத்திலும் இறுகணும். மூச்சு பாட்டுக்கு வந்து போகணும்.”

இந்தக் கடைசி வரியில்தான் நான் தோற்றேன். மல்லாந்த கரப்பான்பூச்சி மாதிரி கைகால்களை மேலே தூக்கி வைத்து, வலது கையையும் இடது காலையும் மெதுவாக இறக்க வேண்டும். இறக்கினால் மூச்சு நின்றது. மூச்சு விட்டால் வயிறு தளர்ந்து, இடுப்பு பாயைவிட்டு எழும்பியது.

“பேசிக்கிட்டே செய்யுங்க சார். பேச்சு வந்தா மூச்சு வருதுன்னு அர்த்தம்.”

பட்டிமன்றத்தில் மைக்கைப் பிடுங்கினால்தான் நிறுத்துகிறவன் நான். பாயில் ஒரு வாக்கியம் வரவில்லை. கடைசியில் கல்யாண மண்டபத்துக்குப் போகும் வழியையே சொல்லத் தொடங்கினேன்: ஆரப்பாளையம், விளாங்குடி, பரவை, சமயநல்லூர், தேனூர், சோழவந்தான். முதல் வாரம் விளாங்குடியிலேயே வயிறு இறங்கிவிட்டது. பங்குனி முழுக்கப் பரவையைத் தாண்ட முடியவில்லை.

“இன்னிக்கு எதுவரைக்கும் சார்?”

“பரவை மார்க்கெட்டும்மா. கூட்டம் ஜாஸ்தி.”

ஒரு நாள் நான் காலைத் தூக்கிக் கிடக்கையில் அவருக்கு அம்மாவிடமிருந்து போன் வந்தது. அவர்கள் வீட்டுச் சௌராஷ்டிரத்தில் ஏதோ சொல்லி, என்னைத் திரும்பிப் பார்த்து, இரண்டு நிமிடம் சிரித்தார். எனக்கு அந்தப் பாஷை தெரியாதது அன்றைக்கு நல்லதாகப் போயிற்று.

சித்திரையில் எழுந்து நின்று சுமை தூக்க அனுமதி கிடைத்தது. கீழ்க்கடையில் காலி வாளி ஒன்று வாங்கி, அப்புறம் அதில் பாதித் தண்ணீர், அப்புறம் முழுத் தண்ணீர். முதலில் வயிற்றை இறுக்கு, பிறகு முழங்காலை மடக்கு, சுமையை உடம்போடு சேர்த்துக்கொள், மூச்சை விட்டுக்கொண்டே எழு. கடைசி வாரம் அரிசி மூட்டையையும் தூக்கினேன். தேனூர்வரை தாங்கியது.

கல்யாணத்தன்று காலை. பட்டுப்புடவை, நகை, ஆள் உயர மாலை என்று அரிசிக் கணக்கில் வராத பல சங்கதிகளோடு பெண் அறை வாசலில் நின்றாள். ரெண்டடி தள்ளித் தம்பி, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு நின்றான். ஆதரவாகத்தான் நின்றான், பார்க்கச் சகிக்கவில்லை.

பெண் காதோரம் குசுகுசுத்தாள். “மாமா, முடியலைன்னா நான் நடந்தே வாரேன். யாருக்கும் தெரியாது.”

“ஐந்நூறு பேர் பாத்துக்கிட்டிருக்காகளேம்மா.”

வயிற்றை இறுக்கினேன். மடங்கினேன். கைகளைக் கொடுத்தேன். மூச்சை விட்டபடி எழுந்தேன். எழுந்தேவிட்டேன். ஒவ்வொரு அடிக்கும் ஓர் ஊர். மேளக்காரர் வேறு உற்சாகத்தில் தாளத்தைக் கூட்டினார், நான் கூட்டவில்லை. தேனூர் தாண்டியது எனக்கே தெரியவில்லை. மணவறைப் பலகையில் அவளைப் பூப்போல இறக்கி வைத்தேன். முதுகு முதுகாகவே இருந்தது. தம்பி தோளைத் தட்டி, “அண்ணே, அசத்திட்டீங்கண்ணே” என்றான். அன்றைக்கு இலையில் என்ன வைத்தார்கள் என்று எனக்கு ஞாபகமில்லை. இம்புட்டுப் பெருமையோடு நான் எதையும் சாப்பிட்டதில்லை.

மறுநாள் தங்கை போன் செய்தாள். பாராட்டத்தான் கூப்பிடுகிறாள் என்று நாற்காலியில் வசதியாக உட்கார்ந்தேன்.

“ஏண்ணே, சம்பந்தியம்மா காலையில வந்து தனியாக் கூப்பிட்டுக் கேட்டாக, பொண்ணோட மூத்த மாமனுக்கு இந்தச் சம்பந்தத்துல சம்மதம் இல்லையான்னு. புள்ளயத் தூக்கிட்டு வரும்போது உன் மொகத்தப் பாத்துப் பயந்துட்டாகளாம்.”

“நீ என்ன சொன்ன?”

“அதெல்லாம் ஒண்ணுமில்ல, எங்கண்ணனுக்கு மொகமே அப்படித்தான்னு சொல்லி அனுப்பிட்டேன்.”