அப்பா வீட்டு பாத்ரூமில் மட்டும் கைப்பிடி இல்லை

பாத்ரூம் சுவரில் கைப்பிடி பொருத்துகிறவன் நான். வீட்டில் பெரியவர் யாராவது ஒருதரம் விழுந்து எழுந்த பிறகுதான் ஜனங்கள் என் நம்பரைத் தேடுவார்கள். பாளையங்கோட்டையைச் சுற்றி எத்தனையோ வீட்டில் துளை போட்டாயிற்று. எங்க அப்பா வீட்டில் மட்டும் முடியவில்லை. மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அம்மா போன பிறகு விக்கிரமசிங்கபுரத்தில் தனியாக இருக்கிறார். மாதத்துக்கு ஒருதரம் கைப்பிடியும் டிரில்லிங் மிஷினுமாகப் போய் நிற்பேன். "அடுத்த தடவ பாப்போம்லே" என்று சோறு போட்டு அனுப்பிவிடுவார்.

ஊரில் பெரியவர்களைத் தனியாக விட்டுவிட்டு வந்தவர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. அங்கிருந்து நேரங்கெட்ட நேரத்தில் போன் வந்தால், எடுப்பதற்கு முன்னாடியே செருப்பை மாட்டியிருப்போம்.

துணி காய்கிற கம்பி

பாளையங்கோட்டையில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர். கைப்பிடி போட்டுக் கொடுத்து ஒரு மாசம் கழித்து, குழாய் ஒழுகுகிறது என்று கூப்பிட்டார். உள்ளே போனால் கைப்பிடியே கண்ணில் படவில்லை. மேலே ஒரு துண்டு, அதற்கு மேலே ஈர வேட்டி, ஓரத்தில் பனியன். எனக்குச் சுருக்கென்றது. "சார், இப்படிப் போட்டு வச்சா வழுக்குற நேரத்துல எதைப் பிடிப்பிய?" என்று கேட்டேன். அவர் பதறவே இல்லை. பாடம் நடத்துகிற நிதானத்தில் சொன்னார்: "அதுக்கென்ன தம்பி, விழப்போற சமயத்துல துணியை எடுத்துட்டுப் பிடிச்சிக்கிடுதேன்."

எண்ணெய்க் கை

இது என் தப்பு, ஒப்புக்கொள்கிறேன். ஏரலில் ஒரு அண்ணாச்சி, மளிகைக்கடையை மகனிடம் விட்டுவிட்டு வீட்டோடு இருப்பவர். பளபளவென்று ஸ்டீல் கைப்பிடி போட்டுக் கொடுத்துவிட்டு, இனி கவலையில்லை என்று வேறு சொல்லிவிட்டு வந்தேன். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிப்பார் என்பது என் மண்டையில் ஏறவில்லை. உடம்பெல்லாம் நல்லெண்ணெய், கையெல்லாம் நல்லெண்ணெய். பிடித்த பிடி வழுக்கிக்கொண்டு போய், ஆள் இடுப்பில் அடிபட உட்கார்ந்துவிட்டார்.

தகவல் தெரிந்ததும் ஓடினேன். திட்டுவார் என்றுதான் நினைத்தேன், திட்டியிருந்தால் தேவலை. கையோடு கொண்டுபோயிருந்த பருத்திக் கயிற்றைக் கைப்பிடியில் நெருக்கமாகச் சுற்றிக் கட்டினேன். இப்போதெல்லாம் எந்த வீட்டிலும் கயிறு சுற்றாமல் கொடுப்பதில்லை. கட்டிலில் படுத்தபடியே அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "ஏலே, நீ போட்ட கம்பி நல்லாத்தாம்ல நிக்கு. நாந்தான் நிக்கல."

கதவு இடித்த காயம்

வள்ளியூரில் ஒரு அம்மா. பெங்களூரில் இருக்கிற மகள்தான் போனில் பேசி என்னை அனுப்பிவைத்தாள். 'அம்மா விழல்லாம் இல்ல, ஒரு பாதுகாப்புக்குத்தான்' என்றாள். அந்த அம்மா காபி கொண்டுவந்து கொடுக்கும்போது முழங்கையைப் பார்த்தேன். நீலம் பாரித்துக் கிடந்தது. நான் பார்த்ததை அவர்களும் பார்த்துவிட்டார்கள். சேலை முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு, பைய என் பக்கத்தில் வந்தார்கள். "எய்யா, எம்மவகிட்ட சொல்லிராத. கேட்டா கதவு இடிச்சிட்டுன்னு சொல்லு. தெரிஞ்சா வீட்டைப் பூட்டி என்னைக் கூட்டிட்டுப் போயிருவா."

முழுக்கைச் சட்டை

அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு வேறு நினைப்பே ஓடவில்லை. எங்க அப்பாவும் போனில் 'நல்லாருக்கேன்லே' என்று மட்டும்தானே சொல்கிறார். பைக்கை நேரே விக்கிரமசிங்கபுரத்துக்கு விட்டேன். வழியெல்லாம் பயம்.

அப்பா நாற்காலியில் முழுக்கைச் சட்டை போட்டு உட்கார்ந்திருந்தார். வீட்டுக்குள் துண்டைத் தவிர எதுவும் போடாத மனுஷன். கிட்டே போய் இடது கையைப் பிடித்தேன், முகம் சுருங்கியது. மணிக்கட்டு வீங்கி இருந்தது. பாத்ரூமில் விழுந்து மூன்று நாளாயிற்றாம். எனக்கு வந்த கோபத்தில் வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் போலிருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். எலும்பில் கீறல் என்று மாவுக்கட்டுப் போட்டார்கள்.

மறுநாள் காலையில் யாரையும் கேட்காமல் மிஷினை எடுத்தேன். அப்பா பாத்ரூம் வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். தடுக்கவில்லை. கடைசி ஸ்க்ரூவை முடுக்கும்போது, "இத்தன மாசமா ஏம்ப்பா இதை வேண்டாம்னிய?" என்று கேட்டேன். மாவுக்கட்டைத் தடவிக்கொண்டே சொன்னார்: "போட்டுட்டா உனக்கு நிம்மதியாயிரும்லா. பெறகு எதுக்குலே நீ வரப்போற?"

இப்போது ஞாயிறு தவறாமல் ஸ்க்ரூ இளகியிருக்கிறதா என்று முடுக்கிப் பார்க்க விக்கிரமசிங்கபுரம் போகிறேன். அது ஒரு நூலளவும் இளகாது என்பது எனக்கும் தெரியும், அப்பாவுக்கும் தெரியும்.