வைத்திலிங்கம் வாத்தியார் பெண் பார்த்த கதை

பவுனம்மாள் மலாயாவில் கிள்ளானுக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நாலு வருஷம் படித்தவள். படித்தாள் என்று ஒரு பேச்சுக்குத்தான் சொல்கிறோம். வைத்திலிங்கம் வாத்தியாரின் வலது காதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் என்பதே சரி. மனுஷன் பிள்ளைகள் பக்கம் முகத்தைத் திருப்பினால்தானே! ஜன்னலோரம் நின்று, ஆபீஸ் பக்கமிருந்து வரும் செம்மண் பாதையைப் பார்த்தபடியேதான் பாடம் சொல்வார். தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் மோட்டார் கார் வந்தால் முதல் சலாம் தம்முடையதாக இருக்க வேண்டும். துரை மனம் குளிர்ந்து தம்மைக் கிராணியாக, அதாவது ஆபீஸ் குமாஸ்தாவாக, எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்காகத்தான் அந்தத் தவம்.

"புரிஞ்சுதா?" என்று ஜன்னலைப் பார்த்துக் கேட்பார். "புரிஞ்சுது சார்" என்று பிள்ளைகள் கத்துவார்கள். ஜன்னலுக்குப் புரிந்திருக்கலாம். பிள்ளைகளுக்கு ஒரு மண்ணும் புரிந்ததில்லை. யாராவது பேசினால், எந்தப் பிள்ளை என்று திரும்பிப் பார்க்காமலே பிரம்பை வீசுவார். பக்கத்தில் இருந்தது எதுவோ அது அழும்.

ஒரு தடவை வாத்தியார் மலேரியா வந்து ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார். பெரிய கிராணியின் மனைவி குணேஸ்வரி, யாழ்ப்பாணத்து அம்மா, சும்மா இருக்கும் பள்ளிக்கூடத்தைப் பார்த்துப் பரிதாபப்பட்டுப் பாடம் சொல்ல வந்தார். வந்தவர் ஜன்னல் பக்கம் போகவே இல்லை. பிள்ளைகளின் எதிரில் பெஞ்சைப் போட்டு உட்கார்ந்தார். ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பவுனம்மாளும் வழக்கம்போல "புரிஞ்சுது" என்று கத்தினாள்.

"உனக்கு விளங்கேல்லைப் பிள்ளை. உன்ர முகமே சொல்லுது. இன்னொருக்காச் சொல்லித் தாறன், இஞ்ச பார்" என்றார் அந்த அம்மா.

பவுனம்மாளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தன் முகத்தில் ஏதோ எழுதியிருக்கிறது, அதைக்கூட ஒருவர் படிக்கிறார் என்பது அவளுக்குப் புதுசு. அந்தச் சில வாரங்களில்தான் அவள் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டாள். பிறகு வாத்தியார் தேறி வந்து பழையபடி ஜன்னலில் நின்றுகொண்டார். காய்ச்சல் இன்னும் கொஞ்ச நாள் இருந்து தொலைத்திருக்கக் கூடாதா என்று பிள்ளைகள் ஏங்கினார்கள் என்றால் அதில் தப்பே இல்லை.

பவுனம்மாளின் அப்பா அய்யாவுவுக்கு ரயில்வேயில் வேலை கிடைத்துக் குடும்பம் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸுக்கு வந்தது. பவுனம்மாள் ரயில்வே வரிசை வீட்டில் வளர்ந்தாள். தையல் மிஷின் மிதித்துப் பக்கத்து வீடுகளுக்கு ரவிக்கை தைத்தாள். சாயங்காலம் பெண்களை உட்கார வைத்துப் பேப்பர் வாசித்துக் காட்டினாள். யாருக்காவது புரியாமல் விழித்தால் உடனே கண்டுபிடித்துத் திரும்ப வாசிப்பாள்.

இப்படி இருக்கையில் தரகர் ஒரு வரன் கொண்டுவந்தார். சாட்சாத் வைத்திலிங்கம் வாத்தியார். கிராணி வேலை கிடைக்கவே இல்லை. கோலாலம்பூரில் வேறொரு பள்ளிக்கூடத்தில் வேறொரு ஜன்னல் பிடித்திருந்தார். முப்பது தாண்டியும் பெண் அமையவில்லை. அய்யாவுவுக்குத் தலைகால் புரியவில்லை.

"வாத்தியாரு மாப்பிள்ளைம்மா! தோட்டத்துல அவரு எதிர்ல வந்தா நான் ஒதுங்கி நிப்பேன். இப்ப அவரே நம்ம வீடு தேடி வராரு. வேற என்ன வேணும்?"

"வரட்டும்பா. நான் அவர்கிட்ட படிச்ச பொண்ணுன்னு யாரும் சொல்லக் கூடாது. என் மூஞ்சிய ஒழுங்காப் பார்த்து, 'எங்கியோ பார்த்த மாதிரி இருக்கே'ன்னு ஒரு வார்த்தை கேட்டாப் போதும், கட்டிக்கிறேன். கேக்காட்டி வேணாம். என்னைக் கட்டாயப்படுத்தக் கூடாது."

"நாலு வருசம் சொல்லிக்குடுத்தவருக்குத் தெரியாமலா போவும்?" என்று சிரித்துவிட்டு அய்யாவு வாக்குக் கொடுத்தார். வளர்ந்த பெண்ணை அடையாளம் தெரியாமல் போகலாம்தான். அது பவுனம்மாளுக்கும் தெரியும். அதனால்தான் அவள் அவ்வளவு கொஞ்சமாகக் கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்கும் சம்பிரதாயம். வீட்டுக்கு ஒரு கௌரவம் வேண்டுமென்று அய்யாவு, யாழ்ப்பாணத்து ஸ்டேஷன் மாஸ்டர் தியாகராசாவையும் கூப்பிட்டு உட்கார வைத்திருந்தார். அவரைக் கண்டதும் வாத்தியாருக்கு வாயெல்லாம் பல்லாகிவிட்டது. பெண் பார்க்க வந்ததே மறந்துபோய், நாற்காலி நுனியில் தொத்திக்கொண்டு, அந்தப் பெரிய மனுஷர் முகத்தையே பார்த்து இளித்துக்கொண்டிருந்தார். தியாகராசா தும்மினால் இவர் கைக்குட்டையைத் தேடினார்.

முதலில் காப்பி, பிறகு வெற்றிலைத் தட்டோடு பெண் என்று ஏற்பாடு. காப்பி கொண்டுபோனவள் பவுனம்மாளின் அண்ணி தங்கமணி, நிறைமாதக்காரி. திரைக்குப் பின்னால் தட்டும் கையுமாகப் பவுனம்மாள் நின்றாள். இந்த ஆளோடு காலம் பூராவும் குப்பை கொட்டுவதா இல்லையா என்பது இன்னும் கொஞ்ச நேரத்தில் தெரிந்துவிடும்.

வாத்தியார் கையை மட்டும் நீட்டிக் காப்பியை வாங்கினார். கண் தியாகராசாவை விட்டு நகரவில்லை.

"பொண்ணு நல்ல லட்சணம். எனக்குப் பூரண சம்மதம்" என்றார் அவரிடம். "ஐயா மனசு வெச்சா ரயில்வேயில எனக்கு ஒரு கிளார்க் வேலை…"

தியாகராசா கோப்பையைக் கீழே வைத்தார்.

"மாஸ்டர், காப்பி தந்த உந்தப் பிள்ளைக்கு இந்தக் கிழமையே பேறு நடக்கும் போல கிடக்கு. கொஞ்சம் திரும்பிப் பாரும்."

தங்கமணி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு உள்ளே ஓடினாள். வாத்தியார் முகத்தில் அசடு வழிந்தது. பவுனம்மாளுக்குச் சிரிப்பு வரவில்லை. தட்டைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்து, வாத்தியாருக்கு நேர் எதிரில் நின்றாள்.

"பொண்ணு நான்தான் சார். தோட்டத்துல நாலு வருசம் உங்ககிட்டதான் படிச்சேன். இப்பவாச்சும் பாருங்க."

வாத்தியார் பார்த்தார். அவளை அல்ல. தியாகராசா கோபமாக இருக்கிறாரா என்று அவர் முகத்தைத்தான் அவசர அவசரமாகப் பார்த்தார்.

அதை அய்யாவு கண்டார். மகள் கேட்டது எவ்வளவு அற்ப சொற்பம், அதைக்கூடக் கொடுக்க வக்கில்லாத ஆளைத் தான் எப்படிக் கொண்டாடினோம் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. மகள் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.

"காப்பி ஆறிடும் வாத்தியாரே" என்றார். "குடிச்சிட்டுக் கெளம்புங்க."