பிளைவீலில் அம்மாவின் நம்பர்

பட்டறைக்காரர்கள் மீது எனக்குப் பொதுவான கோபம் எதுவும் இல்லை. ஒருவர் மீது மட்டும் உண்டு. இத்தனை வருடம் ஆகியும் அது குறையவில்லை.

எழுபதுகளின் கடைசியில் மலேசியாவில், ஈப்போவுக்கு வெளியே, துண்டு போட்டு விற்றுக்கொண்டிருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் அம்மாவோடு இருந்தேன். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஹுத்தான் மெலிந்தாங்கில் மீன் கூடை தூக்கினேன், லகாட்டில் ஈயச் சுரங்கத்தில் மண் வெட்டினேன். கடைசியில் ஒரு பழைய கார் வாங்கி சாப்பு ஓட்டினேன். பெர்மிட் இல்லாத வாடகைக் காரை அப்படித்தான் சொல்வார்கள். தோட்டத்துப் பெண்கள் நான்கு பேரைக் காலையில் ஈப்போ தையல் தொழிற்சாலையில் விட்டு, மாலையில் கூட்டி வருவது என் வேலை. ஒரு நாள் பிந்தினாலும் அவர்களுக்கு அந்த மாதப் படி போய்விடும். பிந்தினால் வேறு வண்டி பார்த்துக்கொள்வோம் என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். நியாயம்தான்.

கிளட்ச் வழுக்க ஆரம்பித்தது. எஞ்சின் கத்தும், வண்டி மேடு ஏறாது. ஈப்போவில் நம்மவர் ஒருவர் பட்டறை வைத்திருந்தார். தமிழில் பேசலாம், ஏமாற்ற மாட்டார் என்று நம்பிப் போனேன். கியர்பாக்ஸை இறக்கியதும் கூப்பிட்டுக் காட்டினார். கிளட்ச் தட்டு அழுந்திச் சுற்றும் கனமான இரும்புச் சக்கரம், அதாவது பிளைவீல், சூட்டில் நீலம் பாய்ந்து, மயிரிழை வெடிப்புகளோடு தரையில் கிடந்தது.

"தட்டு மட்டும் மாத்துனா மூணு மாசம் தாங்காது தம்பி. இதையும் புதுசா போட்டுறலாம்," என்றார்.

அவர் சொன்னது சரி. இன்றும் எனக்கு எரிவது அதனால்தான். தெரியாதவர் செய்த தப்பு இல்லை அது.

அவர் தேநீர் குடிக்கப் போன நேரத்தில், பக்கத்தில் கிடந்த உளியால் சக்கரத்தின் ஓரத்தில், தட்டு உரசாத இடத்தில், 47 என்று கொத்தினேன். சந்தேகத்தில் செய்ததல்ல. தோட்டத்தில் பால்மரம் வெட்டும் ஒவ்வொருவருக்கும் ஒரு நம்பர். வாளி, கத்தி, வாளிகளைத் தோளில் தூக்கும் காண்டாக் கம்பு, எல்லாவற்றிலும் அது இருக்கும். 47 என் அம்மாவின் நம்பர். தண்ணீர் டிரம் மூடிக்குப் பாரமாக வைக்கப் பழைய சக்கரம் உதவும், வேறொருவர் இரும்போடு கலந்துவிடக் கூடாது என்று நினைத்தேன். மாலையில் கேட்டபோது, பழைய இரும்புக்காரன் அள்ளிக்கொண்டு போய்விட்டான் என்றார். புதுச் சக்கரத்துக்கான காசைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மூன்று மாதம்தான். ஒரு சனிக்கிழமை மறுபடியும் அதே கத்தல். இந்த முறை நானே மாற்றுவது என்று புதுத் தட்டு வாங்கி வைத்தேன். லாரி ஓட்டும் நண்பன் ஒருவன் ஞாயிறு பூசை முடிந்து வெள்ளைச் சட்டையோடு வந்தான்.

"ஆண்டவரே ஓய்வெடுத்த நாளு மச்சான். நீ என்னைய காருக்கு அடியில படுக்கச் சொல்ற," என்றான். சட்டையை வேலியில் மாட்டிவிட்டுப் படுத்தான்.

கியர்பாக்ஸை இரண்டு பேரும் நெஞ்சில் தாங்கி இறக்கினோம். கிளட்சைக் கழற்றினேன். உள்ளே அதே நீலம், அதே வெடிப்பு. ஓரத்தில் 47.

நண்பன் எட்டிப் பார்த்தான். "உங்கம்மா இங்கயும் வேலைக்கு வந்துட்டாங்களா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. உடனே பட்டறைக்காரர் வீட்டுக்குப் போக வேண்டும் போல் இருந்தது. ஆனால் மறுநாள் காலையில் நான்கு பேர் நிற்பார்கள். லகாட்டில் ஒரு பழைய சாமான் கிடங்கைத் திறக்கச் சொல்லி, வெடிப்பில்லாத சக்கரம் ஒன்று வாங்கி வந்தோம். தட்டை நடுவில் நிறுத்த, அம்மாவின் கத்தியால் ரப்பர் கிளை ஒன்றைச் சீவி உள்ளே செருகினேன். அது சரியாக அமைந்தது. அச்சுக்குத் துளி கிரீஸ் போதும். நான் ரப்பர் ஷீட் அழுத்தும் தோட்டத்து மெஷினுக்கு அப்புவது போல் அப்பிவிட்டேன். அது தட்டுக்குக் கசிந்தது. திங்கட்கிழமை புறப்படும்போதெல்லாம் கார் உதறியது. ஆனாலும் பிந்தவில்லை.

மாலையில் பெண்களிடம் சொல்லிவிட்டு, வரும் வழியில் பட்டறையில் நிறுத்தினேன். பழைய சக்கரத்தைத் தூக்கிப் பட்டறைக்காரரின் மேசைமேல் வைத்தேன். நம்பரைப் பற்றிச் சொன்னேன்.

"இதெல்லாம் நேத்து வீட்டுல உக்காந்து கொத்திருப்ப தம்பி," என்றார்.

காரிலிருந்து என் பின்னால் இறங்கி வந்த அக்கா ஒருவர், தையல் வேலைக்குப் போகுமுன் பல வருடம் அம்மாவுக்குப் பக்கத்து நிரையில் மரம் வெட்டியவர், குனிந்து பார்த்தார்.

"நேத்து வெட்டுன வெட்டு வெளுப்பா இருக்கும்ணே. இது உள்ளாற கருத்துக் கெடக்கு. பட்டையப் பாத்து வருசம் சொல்றவங்க நாங்க. எங்ககிட்ட போயி சொல்றீங்களே லா."

பட்டறைக்காரர் சக்கரத்தைப் பார்த்தார். பிறகு, "அவன் மாத்திப் போட்டுட்டான் போல," என்று பட்டறை உள்ளே கையைக் காட்டினார். அங்கே ஒரு காருக்கு அடியில் இரண்டு கால்கள் மட்டும் தெரிந்தன. நரைத்த முடி உள்ள கால்கள். அவை அசையவில்லை.

"வண்டிய விட்டுட்டுப் போ. சும்மாவே செஞ்சு தாரேன்," என்றார் பட்டறைக்காரர்.

"நாளைக்குக் காலையில இவங்கள நீங்க தூக்கிட்டுப் போவீங்களாண்ணே?" என்றேன்.

விற்கும்வரை அந்தக் கார் உதறிக்கொண்டேதான் ஓடியது. பெண்கள் ஒருநாளும் பிந்தவில்லை. உதறலுக்குக் காரணம் கேட்டவர்களிடம், கிரீஸை நான்தான் அதிகமாக அப்பினேன் என்று சொன்னேன். அதைச் சொல்ல எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை.